‘நர்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அதன் தமிழ் ஈடுகளும்: சொற்பிறப்பும் பொருள் மாற்றமும்

1. முன்னுரை

ஒரு தொழிலின் பெயர் அத்தொழிலின் இன்றைய நிலையைவிட அதன் பழைய நிலையையே பெரும்பாலும் காட்டி நிற்கும். ஆங்கிலத்தில் மருத்துவத் தொழில்களைக் குறிக்கும் சொற்கள் இதற்குத் தக்க சான்றுகளாகும். ‘டாக்டர்’ என்பதன் இலத்தீன் மூலத்திற்குக் ‘கற்பிப்பவர்’ என்பது பொருள். ‘சர்ஜன்’ என்பதன் கிரேக்க மூலம் ‘கையால் வினைசெய்பவர்’ என்று பொருள்படும். ‘பிசிஷியன்’ என்பது ‘இயற்கை’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. இவை அறிவையோ கைத்திறனையோ அடிப்படையாகக் கொண்ட பெயர்கள். ‘நர்ஸ்’ என்னும் சொல் இவற்றினின்று வேறுபட்டது. குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டும் செயலே அதன் அடிப்படை.

இச்சொல்லுக்கு ஈடாகத் தமிழ்நாட்டில் ‘செவிலியர்’ என்பதும், இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளின் தமிழில் ‘தாதியர்’ என்பதும் எழுத்து வழக்கில் நிலைபெற்றுள்ளன. பேச்சு வழக்கில் ‘நர்ஸ்’ என்பதே பெருவழக்கு. செவிலி, தாதி ஆகிய இரண்டும் குழந்தை வளர்ப்போடு தொடர்புடைய பழஞ்சொற்கள் என்பது கருதத்தக்கது. ஆங்கிலச் சொல்லின் வரலாறு தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திலும் தொடர்ந்து வந்துள்ளது என்பதை இஃது உணர்த்துகிறது. ‘நர்ஸ்’ என்பதன் சொற்பிறப்பையும் பொருள் மாற்றத்தையும் விளக்கி, அதன் தமிழ் ஈடுகளை ஒப்பிட்டு, மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்களைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இச்சொற்கள் தாய்மையைக் குறிப்பன என்னும் பொதுக் கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதும் இங்கு ஆராயப்படுகிறது.

2. இலத்தீன் மூலமும் வடிவ மாற்றமும்

இலத்தீனில் ‘நூட்ரீரே’ என்னும் வினைக்குப் பாலூட்டுதல், உணவூட்டி வளர்த்தல் என்னும் பொருள்கள் உண்டு. இவ்வினையோடு தொடர்புடைய ‘நூட்ரிக்ஸ்’ என்னும் பெயர், குழந்தைக்குப் பாலூட்டி வளர்க்கும் பெண்ணைக் குறித்தது. இதன் வழித் தோன்றிய பெயரடையின் பெண்பால் வடிவமான ‘நூட்ரீகியா’, பிற்கால இலத்தீனில் தனிப்பெயராக நின்று அதே பொருளைத் தந்தது. அது பழைய பிரெஞ்சு மொழியில் ‘நொரிஸ்’, ‘நுரிஸ்’ எனத் திரிந்தது. நார்மானியர் 1066ஆம் ஆண்டு இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் பெருமளவில் ஆங்கிலத்திற் புகுந்தன. அவற்றுள் ஒன்றாக இச்சொல்லும் ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் இடைக்கால ஆங்கிலத்தில் இடம்பெற்றது. ஈரசைச் சொல்லாக இருந்த இது, பின்னர் இடையுயிர் கெட்டு ‘நர்ஸ்’ என ஓரசையாயிற்று. ஊட்டச்சத்தைக் குறிக்கும் ‘நியூட்ரிஷன்’, ஊட்டி வளர்த்தலைக் குறிக்கும் ‘நரிஷ்’, வளர்ப்பைக் குறிக்கும் ‘நர்ச்சர்’ ஆகியன இக்குடும்பத்தைச் சார்ந்தவை.

ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லிலும் இதே பொருள் அமைப்பைக் காணலாம். வளர்ப்புத் தாயைக் குறிக்கும் சொல்லின் முதற்பகுதியாகிய ‘ஃபாஸ்டர்’, உணவைக் குறிக்கும் ‘ஃபுட்’ என்னும் சொல்லோடு ஒருவேர்த் தொடர்புடையது. எனவே, ஊட்டுதல் என்னும் கருத்து வளர்த்தல் என்னும் கருத்தாக விரிவது ஒரு மொழிக்கு மட்டும் உரியதன்று.

இங்கு ஒரு செய்தியை வலியுறுத்த வேண்டும். தாய் தன் குழந்தைக்குப் பாலூட்டுவது இயல்பான நிகழ்ச்சி. அதற்குத் தொழிற்பெயர் தேவையில்லை. தாய்க்கு மாற்றாக மற்றொருத்தி ஊட்டும்போதுதான் பெயர் தேவைப்படுகிறது. பண்டைய உரோம உலகில் இது ஒரு பணியாக இருந்தது. அடிமைப் பெண்டிரும் கூலிக்கு அமர்த்தப்பட்டோரும் இதனைச் செய்தனர். உரோமர் ஆட்சிக்குட்பட்ட எகிப்தில் கிடைத்த பாபிரஸ் ஏடுகளில், பாலூட்டும் பெண்ணுக்குரிய ஊதியத்தையும் காலவரையறையையும் குறிக்கும் ஒப்பந்தங்கள் உள்ளன. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்க மருத்துவர் சொரானஸ், இப்பணிக்கு உரிய பெண்ணைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் தம் மகளிர் மருத்துவ நூலில் விளக்கியுள்ளார். ஆகவே, ‘நர்ஸ்’ என்பதன் மூலச்சொல் தாய்க்குரிய பெயராக அன்றித் தாய்க்கு மாற்றாகப் பொறுப்பேற்றவருக்குரிய பெயராகவே தொழில் வழக்கில் நிலைபெற்றது எனலாம்.

3. ஆங்கிலத்தில் பொருள் விரிவு

ஆங்கிலத்தில் இச்சொல்லின் பொருள் மூன்று படிநிலைகளில் விரிந்தது. முதற்கண் அது பாலூட்டும் பெண்ணைக் குறித்தது. அடுத்து, பாலூட்டாது குழந்தையைப் பேணும் பெண்ணையும் குறித்தது. பொருள் இவ்வாறு விரிந்தபின், இரண்டையும் வேறுபடுத்த அடைமொழிகள் தேவையாயின. பாலூட்டுபவளை ‘ஈர நர்ஸ்’ என்றும், ஊட்டாது வளர்ப்பவளை ‘உலர் நர்ஸ்’ என்றும் சொல்லுக்குச் சொல் பெயர்க்கத்தக்க தொடர்கள் தோன்றின. மூன்றாவதாக, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நோயாளியைப் பேணுபவர் என்னும் பொருள் உருவாயிற்று. தன் செயல்களைத் தானே செய்துகொள்ள இயலாத நிலையில் குழந்தையும் நோயாளியும் ஒத்திருப்பதே இப்பொருள் விரிவுக்கு அடிப்படை.

பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே காலத்தில் வழங்கியமைக்கு ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் சான்றாகின்றன. 1590களைச் சார்ந்த ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தில் ‘நர்ஸ்’ எனப்படும் பாத்திரம் ஜூலியட்டுக்குப் பாலூட்டி வளர்த்தவள். கசப்புப் பூண்டைத் தடவிப் பால் மறக்கச் செய்ததை அவளே விரிவாகக் கூறுகிறாள். அதே காலப்பகுதியைச் சார்ந்த ‘தவறுகளின் நகைச்சுவை’ நாடகத்தில், நோயுற்றவனாகக் கருதப்படும் கணவனுக்குத் தானே ‘நர்ஸ்’ ஆக இருப்பதாக மனைவி ஒருத்தி கூறுகிறாள். ஒரே ஆசிரியரிடத்தில், ஒரே பத்தாண்டில், இருபொருளும் இயல்பாக வழங்கியுள்ளன.

ஆடவருக்கும் இச்சொல் குடும்பம் உரியதாயிருந்தது. இலத்தீன் ஆண்பால் வடிவம் வளர்ப்புத் தந்தையை அல்லது சிறுவனின் பாதுகாவலனைக் குறித்தது. 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில், பேணி வளர்க்கும் தந்தை என்னும் பொருளில் ‘நர்ஸிங்’ என்பது தந்தைக்கு அடைமொழியாக வந்துள்ளது. எனவே, பெண்பால் வரையறை இச்சொல்லின் எல்லா வழக்குகளிலும் நீங்காது நின்றதன்று.

4. தொழிற்பெயராக நிலைபெறுதல்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘நர்ஸ்’ என்பது மதிப்பு மிக்க தொழிற்பெயராக இல்லை. 1843-44இல் வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் ‘மார்ட்டின் சஸில்விட்’ நாவலில் இடம்பெறும் திருமதி காம்ப் என்னும் பாத்திரம், பேறு பார்த்தல், நோயாளியைக் கவனித்தல், பிணத்தைக் குளிப்பாட்டி ஒழுங்கு செய்தல் ஆகிய மூன்றையும் கூலிக்குச் செய்யும், குடிப்பழக்கமுடைய பெண்ணாகப் படைக்கப்பட்டது. அக்காலத்துக்கு முன்னும் பின்னும் சமயத் தொண்டு நிறுவனங்களைச் சார்ந்த பெண்டிரும் நோயாளிகளைப் பேணினர். இவ்விரு பிரிவினரையும் ஒரே சொல் குறித்தது.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860ஆம் ஆண்டு இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபின் நிலைமை மாறியது. பணிக்கு முறையான பயிற்சி வேண்டும் என்பது வலுப்பெற்றது. ஆயினும், அவரே இச்சொல்லை மனநிறைவோடு ஏற்கவில்லை. வேறு நல்ல சொல் இன்மையாலேயே ‘நர்ஸிங்’ என்பதைப் பயன்படுத்துவதாகவும், அது மருந்து கொடுத்தல், ஒத்தடம் இடுதல் என்னும் அளவில் சுருங்கிவிட்டதாகவும் தம் ‘நோட்ஸ் ஆன் நர்ஸிங்’ நூலில் அவர் குறித்துள்ளார். காற்று, ஒளி, தூய்மை, உணவு ஆகியவற்றை முறையாக அமைத்தலையும் அச்சொல் குறிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அதே நூலின் முன்னுரையில் ஒவ்வொரு பெண்ணும் ஒரு ‘நர்ஸ்’ என்னும் கருத்தும் காணப்படுகிறது. பயிற்சி பெற்ற தொழில், பெண்ணின் இயல்பான கடமை என்னும் இரு கருத்துகளும் ஒரே சொல்லில் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. பிரிட்டனில் 1919ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆடவரைத் தனிப் பிரிவில் பதிவு செய்ததும், 1949ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே அவர்கள் பொதுப் பதிவேட்டில் இணைக்கப்பட்டதும் இம்முரணின் விளைவுகள் எனலாம்.

5. தாத்ரி, தாயி, தாதி, ஆயா

பாலூட்டும் பெண்ணைக் குறிக்கும் வடசொல் ‘தாத்ரி’. இது பால் பருகுதல் என்னும் பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேரோடு தொடர்புடையது. இலத்தீனில் பெண்ணைக் குறிக்கும் ‘ஃபேமினா’ என்பதும் அவ்வேரின் வழிவந்ததே. பாரசீகத்தில் இதற்கு இனமான ‘தாயா’ என்னும் சொல், இந்தியில் ‘தாயி’ ஆகி, வளர்ப்பவளையும் பின்னர்ப் பேறு பார்ப்பவளையும் குறித்தது. ஆங்கிலத்தில் ஊட்டுபவளின் பெயர் நோயாளியைப் பேணுபவருக்குச் சென்றது. வட இந்திய மொழிகளில் அது பேறு பார்ப்பவளிடம் சென்றது. ஒத்த தொடக்கமுடைய சொற்கள் வெவ்வேறு திசைகளில் பொருள் பெயர்ந்துள்ளன.

தமிழில் வழங்கும் ‘தாதி’ என்பது இரு மூலங்களை உடையது. தாத்ரி என்பதன் திரிபாக வளர்ப்புத் தாயையும், தாசி என்பதன் திரிபாகப் பணிப்பெண்ணையும் அது குறிக்கும். தாசன் என்பது தாதன் என வருவதனோடு இதனை ஒப்பிடலாம். இரு சொற்கள் ஒரே வடிவம் பெற்றமையால், வளர்ப்பவள் என்னும் பொருளோடு ஏவல் செய்பவள் என்னும் பொருட்சாயலும் சேர்ந்துகொண்டது. இலங்கை, சிங்கப்பூர்த் தமிழில் இன்று தாதியர் என்பது மதிப்புமிக்க தொழிற்பெயர். அங்கு இப்பொருட்சாயல் மறைந்துவிட்டது. தமிழ்நாட்டு வாசகர்க்கோ பழைய இலக்கியப் பணிப்பெண் நினைவுக்கு வரலாம். ஒரு சொல்லின் மதிப்பை அதன் வேர் முடிவு செய்வதில்லை, வழக்கே முடிவு செய்கிறது என்பதற்கு இது சான்று.

‘ஆயா’ என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். குழந்தையைப் பேணும் பெண்ணைக் குறிக்கும் ‘ஐயா’ என ஒலிக்கும் போர்த்துகீசியச் சொல், இந்திய மொழிகளிலும் ஆங்கிலோ-இந்திய வழக்கிலும் பரவியது. அதன் இலத்தீன் மூலம் பாட்டியைக் குறிப்பது. தமிழில் முன்பே உள்ள ‘ஆய்’, ‘ஆயா’ ஆகிய உறவுப் பெயர்களோடு கொண்ட ஒலியொப்புமை இதன் நிலைபேற்றுக்குத் துணைசெய்திருத்தல் கூடும். இன்று தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் ‘ஆயா’ என்பது செவிலியருக்கு அடுத்த நிலையிலுள்ள உதவிப் பணியாளரைக் குறிக்கிறது. நர்ஸ், ஆயா ஆகிய இரண்டும் குழந்தை வளர்ப்பிலிருந்து மருத்துவமனைக்கு வந்தவை. ஆனால், வெவ்வேறு படிநிலைகளில் அமர்ந்துவிட்டன.

6. செவிலி: இலக்கிய வழக்கும் புதுப்பொருளும்

அகப்பொருள் மரபில் செவிலி ஒரு முதன்மையான மாந்தர். தொல்காப்பியக் களவியல் தோழியைச் செவிலியின் மகளாகக் கூறுகிறது. பெற்ற தாய் ‘நற்றாய்’ எனவும், வளர்த்த தாய் ‘செவிலி’ எனவும் மரபு பகுத்துக் காட்டும். குறுந்தொகையின் 167ஆம் பாடலில், மணமான மகளின் இல்லம் சென்று கண்ட செய்தியைச் செவிலி நற்றாய்க்குக் கூறுகிறாள். உடன்போக்கில் மகளைத் தேடிச் செல்பவளும் செவிலியே. அறிதல், காத்தல், கண்டு உரைத்தல் ஆகியன அவளுக்குரிய செயல்களாக அமைகின்றன.

செவிலி என்பது பாலூட்டுபவளை மட்டும் குறிப்பதன்று. மரபில் எண்ணப்படும் ஐவகைத் தாயருள் முலைத்தாய், ஊட்டுந்தாய், கைத்தாய், பாராட்டுந்தாய் ஆகியோரோடு செவிலித்தாயும் தனியே எண்ணப்படுகிறாள். நற்றிணையின் 110ஆம் பாடலில் நரைத்த கூந்தலையுடைய செவிலியர், பாற்கலத்தை ஏந்திச் சிறுமியின்பின் ஓடித் தளர்வதாகக் காட்டப்படுகின்றனர். ‘செவிலியர்’ என்னும் பலர்பால் வடிவம் அவ்விடத்திலேயே உள்ளது. இக்காலக் கலைச்சொல்லின் வடிவம் சங்க இலக்கியத்திலேயே வழங்கியது. பொருள் மட்டும் புதியது.

ஆகவே, ‘நர்ஸ்’ என்பதற்குச் செவிலி என்பது முற்றிலும் சமமான சொல்லன்று. ஆங்கிலச் சொல் பாலூட்டலில் தொடங்கியது. தமிழ்ச் சொல்லின் இலக்கிய வழக்கில் வளர்த்தலும் காத்தலும் முன்னிற்கின்றன. எனினும், இரண்டிற்கும் ஓர் அடிப்படை ஒற்றுமை உண்டு. செவிலி என்பவள் நற்றாயினின்று வேறுபடுத்தப்படுவதாலேயே அப்பெயரைப் பெறுகிறாள். ‘நூட்ரிக்ஸ்’ போலவே அவளும் பெற்ற தாயல்லள், பொறுப்பேற்றவள்.

7. நோயாளியின் அருகிலிருப்பவர்: மற்றொரு மரபு

குழந்தை வளர்ப்போடு தொடர்பில்லாத வேறொரு சொல்மரபு இந்திய மருத்துவ நூல்களில் உண்டு. சரக சம்ஹிதை மருத்துவத்தின் நான்கு உறுப்புகளாக மருத்துவன், மருந்து, பணியாளன், நோயாளி ஆகியோரைக் கூறுகிறது. இங்குப் பணியாளனைக் குறிக்கும் ‘உபஸ்தாதா’ என்னும் சொல்லுக்கு ‘அருகில் நிற்பவன்’ என்பது பொருள். பேணும் முறையை அறிந்திருத்தல், செயல்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை ஆகிய நான்கும் அவனுக்குரிய பண்புகளாகச் சொல்லப்படுகின்றன. அறிவும் திறனும் அன்புக்கு முன் வைக்கப்பட்டுள்ளமை கருதத்தக்கது.

திருக்குறளின் மருந்து அதிகாரமும் இத்தகைய நாற்கூற்றுப் பகுப்பைத் தருகிறது. 950ஆம் குறளில் வரும் ‘உழைச்செல்வான்’ என்னும் சொல் நோயாளியின் பக்கத்திலிருந்து செயற்படுபவனைக் குறிக்கும். உழை என்பது பக்கம் எனப் பொருள்படும். தாய்மை, பாலூட்டல், பெண்பால் ஆகிய எதனோடும் இச்சொல்லுக்குத் தொடர்பில்லை. இடத்தையும் செயலையும் மட்டும் அது காட்டுகிறது.

நோயாளியைப் பேணுபவருக்கு இத்தகைய சொல் தமிழில் இருந்தும், இக்காலத் தமிழ் செவிலி என்பதையே எடுத்துக்கொண்டது. உழைச்செல்வான் என்பதன் ஆண்பால் விகுதியும், ‘நர்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வளர்ப்புத்தாய் என்னும் பழம்பொருள் இருந்தமையும் இதற்குக் காரணமாகலாம். ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளுக்கு உரிய தமிழ்ச் சொல்லே புதிய பொருளையும் ஏற்றது. இதனைப் பொருட்கடன் என்னும் வகையில் அடக்கலாம்.

8. பிற மொழிகள் கண்ட தீர்வுகள்

பிரெஞ்சு மொழி இவ்விரு பொருள்களையும் ஒரு சொல்லில் கலக்கவில்லை. பாலூட்டுபவளுக்கு நூட்ரீகியாவின் வழிவந்த பழைய சொல்லையும், மருத்துவமனைப் பணியாளருக்கு ‘வலுவற்றவர்’ என்னும் பொருளுடைய இலத்தீன் அடியினின்று வந்த வேறு சொல்லையும் அது வழங்குகிறது. ஜெர்மன் மொழியில் ‘நோயாளர் சகோதரி’ எனப் பொருள்படும் தொடர் நெடுங்காலம் வழங்கியது. 2004இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதனை நீக்கிப் பேணுதலைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பெயரை அமைத்தது. ஜப்பானிய மொழியில் பெண்ணைக் குறிக்கும் எழுத்தில் முடிந்த பழைய பெயர், 2002இல் இருபாலருக்கும் பொதுவான பெயராக மாற்றப்பட்டது.

தமிழ் இதனைச் சட்டத்தின் துணையின்றி, தன் இலக்கண அமைப்பாலேயே ஓரளவு செய்துள்ளது. ‘அர்’ விகுதி பலர்பாலையும் உயர்வையும் ஒருங்கே குறிப்பதால், ‘செவிலியர் ஒருவர்’ என்னும்போது பால்பாகுபாடு மறைகிறது. ‘ஆண் செவிலியர்’ என்னும் தொடர் வழக்கில் இருப்பது, அடைமொழியற்ற சொல் பெண்ணையே குறிப்பதாகக் கருதும் எண்ணம் முற்றிலும் நீங்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

9. மொழிபெயர்ப்பில் கருத வேண்டுவன

மேற்கண்ட வரலாறு மொழிபெயர்ப்பாளர்க்குச் சில நடைமுறைத் தெளிவுகளைத் தருகிறது.

முதலாவது, காலம் அறிந்து சொல் தேர்தல். ஜூலியட்டின் ‘நர்ஸ்’ செவிலி அல்லது செவிலித்தாய் எனப்படுதல் பொருந்தும். செவிலியர் எனின் மருத்துவமனைப் பணியாளராக வாசகர் பிழைபடக் கருதுவர். இக்கால மருத்துவமனைப் பணியாளரைச் செவிலித்தாய் என்பதும் அவ்வாறே பொருந்தாது.

இரண்டாவது, தொடர்ச்சொற்கள். ‘நர்ஸிங் மதர்’ என்பது பாலூட்டும் தாய். அதனைச் செவிலித்தாய் எனப் பெயர்த்தால் பெற்ற தாய் வளர்ப்புத் தாயாகிவிடுவாள். மருந்துக் குறிப்புகளில் இப்பிழை நேரின், எச்சரிக்கை உரியவரைச் சென்றடையாது. ‘நர்ஸிங் ஹோம்’ என்பது இந்தியாவில் சிறிய தனியார் மருத்துவமனையைக் குறிக்கும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் முதியோர் பராமரிப்பு இல்லத்தைக் குறிக்கும். ‘நர்சரி’ என்பது இடத்திற்கேற்ப மழலையர் பள்ளியாகவோ நாற்றுப்பண்ணையாகவோ அமையும்.

மூன்றாவது, உறவுப்பெயர் போன்ற விளிகள். பிரிட்டிஷ் மருத்துவமனை வழக்கில் ‘சிஸ்டர்’ என்பது ஒரு பிரிவின் பொறுப்பிலுள்ள மூத்த செவிலியரைக் குறிக்கும் பதவிப்பெயர். தமிழ்நாட்டில் அது எல்லாச் செவிலியரையும் விளிக்கும் சொல். இரண்டையும் ‘சகோதரி’ எனப் பெயர்ப்பது பொருந்தாது.

நான்காவது, சட்டமும் பணிவிதியும் சார்ந்த நூல்கள். 1926ஆம் ஆண்டுச் சென்னைச் செவிலியர், பேறுகாலப் பணியாளர் சட்டம், 1947ஆம் ஆண்டு இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம், அதற்கு மாற்றாக 2023இல் இயற்றப்பட்ட தேசிய ஆணையச் சட்டம் ஆகியவற்றில் பேசப்படுவது கல்வித் தகுதியும் பதிவும் பொறுப்பும் உடைய தொழில். 1965இல் அமெரிக்காவின் கொலராடோவில் தொடங்கிய பயிற்சியின் வழி, நோயறிந்து மருந்து பரிந்துரைக்கும் அளவுக்கு இத்தொழிலின் ஒரு பிரிவு வளர்ந்துள்ளது. இத்தகைய இடங்களில் அன்னை, தாயுள்ளம் போன்ற புகழ்ச்சொற்களை மூலத்தில் இல்லாதவிடத்தும் சேர்ப்பது பிழையான மொழிபெயர்ப்பாகும். தாய்மைக்கு வேலை நேரமும் ஊதியமும் கிடையா. தொழிலுக்கு அவை உண்டு. புகழ்ச்சொல் உரிமைச் சொல்லை மறைத்துவிடுதல் கூடும்.

10. முடிவுரை

‘நர்ஸ்’ என்னும் சொல் பாலூட்டலில் தோன்றி, குழந்தை வளர்ப்பின் வழியாக, நோயாளியைப் பேணும் தொழிலின் பெயராயிற்று. தாதி, செவிலி ஆகிய சொற்களும் தத்தம் வழியில் அதே இடத்தை அடைந்துள்ளன. இம்மூன்றின் தொடக்க நிலையையும் ஒருங்கே நோக்கின், இவை தாயின் பெயர்கள் அல்ல என்பது தெளிவாகும். பெற்றவள் அல்லாத ஒருவர், தம்மைச் சாராத ஓர் உயிரைக் காக்கும் பொறுப்பை ஏற்பதே இவற்றின் பொதுக்கூறு. ஊதியமும் ஒப்பந்தமும் இவற்றுள் ஒன்றன் வரலாற்றில் தொடக்கத்திலேயே உள்ளன. செவிலியர் பணியைப் பெண்ணின் இயல்பான கடமையாகக் காட்டச் சொற்பிறப்பைத் துணைக்கழைப்பது பொருந்தாது. சொற்பிறப்பு அதற்கு மாறான சான்றையே தருகிறது. செவிலியர் என்னும் தமிழ்ச் சொல், பால்பாகுபாடற்ற விகுதியோடும் பொறுப்பேற்றல் என்னும் பழம்பொருளோடும், இத்தொழிலுக்கு ஏற்ற பெயராகத் தொடரும் தகுதியுடையது.